பொல்கொட ஏரியில் வார இறுதிப் பாய்ப்படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து சனி ஞாயிறுகளில் பொல்கொடவுக்கு வந்து பாய்ப்படகு பழக விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் மழை, காற்று, இடி பற்றியவை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். படகைத் திருப்பவும் பாயை இழுத்து விடவும் சில வார இறுதிகளில் கை பழகிவிடும். எப்போது தண்ணீரில் இறங்குவது, எப்போது கரைக்குத் திரும்புவது என்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்கத்தான் காலம் பிடிக்கும். அதனால் பதில்களும் அந்தப் பக்கமே கூடுதலாகச் சாய்ந்திருக்கின்றன.

பொல்கொட எங்கே இருக்கிறது? கொழும்பிலிருந்து எப்படிப் போவது?

கொழும்புக்குத் தெற்கே, மொரட்டுவை, பிலியந்தலை, பாணந்துறை ஆகிய ஊர்களுக்கு நடுவில். வட ஏரி, தென் ஏரி என்று இரண்டு பெரிய நீர்ப்பரப்புகள், இரண்டையும் பொல்கொட கங்கை இணைக்கிறது, பாணந்துறையில் முகத்துவாரம். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தையும் இந்த ஏரிக்கரைதான். காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ் மொரட்டுவைக்குப் போகும், 100 பாணந்துறைக்கு. கரையோர ரயிலில் வந்தால் மொரட்டுவையில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். சிலோன் மோட்டார் யாட் கிளப் மொரட்டுவை இந்திபெத்தையில் இருக்கிறது. அங்கத்தவர் அல்லாதவர்கள் எப்படிச் சேரலாம், விருந்தினராக வரலாமா என்பதை நேரே அவர்களிடமே கேளுங்கள்.

பேர வாவி பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே ஓட்டக்கூடாதா? கடல்?

பேர வாவி துடுப்புப் படகுக்கு உகந்த இடம். கொழும்பு ரோயிங் கிளப் 1864இலிருந்து இருக்கிறது. பாய்க்கு அது சிறிது. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் நிற்பதால் காற்று சுழன்று சுழன்று வரும். கடலைப் பொறுத்தவரை, கொழும்புத் துறைமுகப் பக்கம் ரோயல் கொழும்பு யாட் கிளப் இருக்கிறது. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு அலை, கப்பல் போக்குவரத்து, கரையைவிட்டு வெளியே இழுக்கும் நீரோட்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் ஏற்ற வேண்டாம். ஏரியில் எந்தப் பக்கம் தள்ளப்பட்டாலும் கடைசியில் ஒரு கரையில்தான் போய் ஒதுங்குவீர்கள். பழகுவதற்கு இதைவிடப் பெரிய வசதி வேறு கிடையாது.

எந்த மாதத்தில் தொடங்கினால் நல்லது?

டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி வரை. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியில் கிழக்குக் கரை நனையும்போது கொழும்புப் பக்கம் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். காலையில் நிலத்திலிருந்து மெல்லிய வாடை வரும். பத்து மணிக்குப் பிறகு கொஞ்ச நேரம் காற்று அடங்கும். பிறகு பதினொன்று, பன்னிரண்டு மணியளவில் கடற்காற்று மேற்கிலிருந்து எழும்பி பின்னேரம் வரை சீராக வீசும். ஒரே நாளில் இரண்டு விதமான காற்றும் நடுவே ஓர் அமைதியும் கிடைப்பது பழகுகிறவருக்குப் பெரிய கொடை.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. யாழ்ப்பாணத்தில் சோளகம் என்று சொல்லும் அதே காற்று இங்கே மழையையும் சேர்த்துக் கொண்டுவரும். நாள் முழுக்கக் காற்று இருக்கும், சில நாட்களில் அளவுக்கு மீறியும் இருக்கும். கை பழகியவர்களுக்குச் சிறந்த காலம் இதுதான். முதல் நாள் வருகிறவருக்கு அல்ல.

மார்ச், ஏப்ரல் ஒரு பக்கம், ஒக்டோபர், நவம்பர் இன்னொரு பக்கம்: இவை இரண்டும் பருவங்களுக்கு இடைப்பட்ட காலங்கள். பின்னேர இடிமழை இந்த மாதங்களுக்கே உரியது. அப்போது ஏரிக்கு வரவே கூடாது என்று சொல்லமாட்டேன். காலை எட்டு மணிக்கு இறங்கி, பன்னிரண்டரைக்குள் பாயைச் சுருட்டிவிடுங்கள்.

காலையில் நல்ல வெயில், பின்னேரம் ஒரேயடியாக இருண்டுவிடுகிறது. இதை முன்கூட்டியே அறிய முடியுமா?

முடியும். பெரும்பாலான நாட்களில் இரண்டு மணித்தியாலமாவது முன்பே அறியலாம். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கண் தானாகவே சரியான பக்கத்தைப் பார்க்கத் தொடங்கும்.

வெயில் ஏறும்போது நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. அது ஏரியைத் தாண்டி ஹொரணை, இங்கிரிய என்று உள்நாட்டுக்குள் போகும்போது அங்கே ஏற்கெனவே ஈரமாக நிற்கும் காற்றோடு முட்டி மேலே தள்ளப்படுகிறது. இரத்தினபுரிப் பக்க மலைகளும் அதை உயர்த்திவிடுகின்றன. பதினொரு மணிக்கு அடி தட்டையான சின்னச் சின்ன வெள்ளை மேகங்களாகத் தெரிபவை, பன்னிரண்டரைக்குக் கோவாப்பூ போல ஓரம் கெட்டியாகக் குவிந்து வளர்ந்திருந்தால் கவனியுங்கள். அகலத்தைவிட உயரம் கூடுகிறதா என்று பாருங்கள். உச்சி மங்கலாகி, பஞ்சு பிரிந்தாற்போல் பக்கவாட்டில் விரியத் தொடங்கிவிட்டால் அது இடிமேகம் ஆகிவிட்டது.

புதியவர்கள் ஏமாறும் இடம் அடுத்ததுதான். இடைப்பருவ நாட்களில் மேல் உயரத்துக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். உள்நாட்டில் வளர்ந்த இடிமேகத்தை அது மெல்ல மெல்லக் கரைப் பக்கம் தள்ளுகிறது. ஏரியில் உங்கள் முகத்தில் படுவதோ மேற்கிலிருந்து வரும் கடற்காற்று. "காற்று அந்தப் பக்கம்தானே அடிக்கிறது, மேகம் நம்மை விட்டுத்தான் போகும்" என்று படகில் யாராவது சொல்லுவார். அவர் சொல்வது தவறு. நீங்கள் உணரும் காற்று அந்த மேகத்துக்குத் தீனி போடும் காற்று. மேகம் அதற்கு எதிராகவே உங்களை நோக்கி வரும்.

பிறகு ஒரு கட்டத்தில் கடற்காற்று நின்றுவிடும். பாய் தொங்கும், தண்ணீர் கண்ணாடி ஆகும், கிழக்கே வானம் கருநீலமாக இருக்கும். இந்த அமைதியைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாக அஞ்சுகிறேன். மழையோடு சேர்ந்து மேகத்திலிருந்து கீழே விழும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலா பக்கமும் பரவி வரும். சில நிமிடங்களில் அது ஏரியைத் தொடும். அது வருவது இதுவரை அடித்த காற்றுக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து. பாய் விரித்தபடி இருந்தால் பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் பூம் கம்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பறந்து தலையில் அடிக்கும், அல்லது படகு நேரே கவிழும். ஆகவே கிழக்கு இருண்டு காற்றும் அடங்கிவிட்டால் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். பாயை உடனே இறக்கிக் கட்டுங்கள், துடுப்பை எடுங்கள், கிட்டிய கரைக்குப் போங்கள். அது உங்கள் கிளப் கரையாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

தென்மேல் காலத்திலும் இதே மாதிரித்தானா?

இல்லை. அப்போது மழை கடல் பக்கமிருந்து வரும். வெயில், பத்து நிமிட மழை, மறுபடி வெயில் என்று மாறி மாறிப் போகும். மேற்கே தென்னை வரிசைக்கு மேல் சாம்பல் நிறத் திரை போல மழை இறங்குவது தெரிந்தால், அதற்கு முன்னாலேயே காற்றின் வீச்சு ஒன்று, அதாவது திடீரென்று பலமாக அடித்து ஓயும் காற்று, வரும். தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு நெளிவு ஓடி வருவதைப் பார்க்கலாம். அது படகைத் தொடுவதற்கு முன்பே பாய்க் கயிற்றைத் தளர்த்தத் தயாராக இருங்கள். இந்தக் காலத்தில் கயிற்றை ஒருபோதும் கட்டிவைக்கக் கூடாது, கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

ஏரியின் மேற்குக் கரை ஓரம் இன்னொரு விடயம். மரங்களின் மறைவில் காற்று குறைவாக இருக்கும். மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைகூட அந்த மறைவு நீளும். அங்கே பாயை விரித்துவிட்டு "காற்று அளவாகத்தான் இருக்கிறது" என்று நினைத்து வெளியே வந்தால், நடு ஏரியில் முழு வேகமும் ஒரேயடியாகப் பிடிக்கும். கரையில் நின்று கணிக்காமல் நடுத் தண்ணீரைப் பார்த்துக் கணியுங்கள்.

எந்த வானிலை அறிக்கையைப் பார்ப்பது?

முதலில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிக்கை. "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்ற வரி மேல் மாகாணத்துக்கு இருந்தால், உங்கள் நாள் நண்பகலோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மின்னல் எச்சரிக்கை தனியாகவும் வரும். கடற்பரப்புக்கான அறிக்கையையும் வாசியுங்கள்: ஏரிக்காரருக்கு அது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் காற்றின் திசையும் வேகமும் அதில்தான் தெளிவாக இருக்கும். பொல்கொட கடலிலிருந்து சில கிலோமீற்றர்தான். சராசரி வேகம் ஏரியில் கொஞ்சம் குறையலாம், வீச்சுகள் குறையாது.

விண்டி போன்ற செயலிகள் பருவக்காற்றையும் கடற்காற்றையும் ஓரளவு சரியாகச் சொல்லும். தனி ஓர் இடிமேகம் எங்கே எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதை அவற்றால் சொல்ல முடியாது. அவற்றின் கணக்கு பல கிலோமீற்றர் அகலமான கட்டங்களில் நடக்கிறது. செயலியில் சராசரிக் காற்று ஒரு வரி, வீச்சு இன்னொரு வரி. வீச்சு வரியைப் பார்த்தே முடிவெடுங்கள். நண்பகலுக்குப் பிறகு செய்மதிப் படம் ஒன்று பார்ப்பதும் உதவும். இந்தியாவின் இன்சாட் படங்களில் இரத்தினபுரிப் பக்கம் வெள்ளைப் புள்ளிகள் பெருகுவது நன்றாகத் தெரியும்.

பாரமானி (வளியமுக்கம் அளக்கும் கருவி) வாங்கவேண்டுமா? புத்தகங்களில் எழுதியிருக்கிறதே.

வேண்டாம். பாரமானி இறங்கினால் புயல் என்ற பாடம் பிரித்தானியா போன்ற நாடுகளுக்கு எழுதப்பட்டது. நாங்கள் நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். இங்கே வளியமுக்கம் நல்ல நாளிலும் தினம் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நாலு மணியளவில் தாழ்வு. பின்னேர இறக்கத்தைப் பார்த்துப் பயப்படுவதும் வீண். இடிமேகம் வரும் நாளிலும் முள் பெரிதாக அசையாமல் இருக்கலாம், அதை நம்பினால் ஆபத்து. கிழக்கு வானத்தைப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

எவ்வளவு காற்று வந்தால் அதிகம்?

புதியவர்களுக்கு மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் வரை. அந்த அளவில் தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரியத் தொடங்கும். பழகிய இருவர் சேர்ந்து 30 வரை ஓட்டலாம், மீட்புப் படகு தயாராக இருந்தால். அதற்கு மேல் போனால் கரையில் இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயில் விழும் தள்ளுவிசை நாலு மடங்காகும். 15இல் சுகமாக ஓடிய படகு 30இல் வேறு படகாக மாறுவது அதனால்தான். இலக்கம் இல்லாமல் கணிக்க விரும்பினால்: ஏரி முழுக்க வெள்ளை நுரை தெரிந்தால் புதியவருக்கு அன்று விடுமுறை.

இந்த ஒரு ஞாயிறுதான் எல்லோருக்கும் லீவு, சாப்பாடும் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வானம் மட்டும் சரியில்லை. கொஞ்ச நேரம் போய்வந்தால் என்ன?

போகவேண்டாம். உங்கள் ஏமாற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி குடும்பம், மாதக்கணக்காகத் திட்டமிட்ட நாள், பிள்ளைகள் ஏற்கெனவே உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டார்கள். ஏரியில் நடக்கும் தவறான தீர்மானங்கள் பல இப்படிப்பட்ட நல்ல மனத்திலிருந்துதான் பிறக்கின்றன. படகில் ஏறுவதற்கு முன்பே, எல்லோர் முன்னிலையிலும், "பன்னிரண்டரைக்குத் திரும்புவோம், அல்லது முதல் இடியோடு திரும்புவோம், எது முதலில் வந்தாலும்" என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். தண்ணீரில் வைத்து வாக்குவாதம் வராது. யாராவது ஒருவர் பயமாக இருக்கிறது என்றால், அவர் வயதில் சிறியவரானாலும், திரும்ப அதுவே போதுமான காரணம்.

வானம் சரியில்லாத நாளும் வீண் போகாது. முடிச்சுகள் போடலாம், பாயைக் கட்டிக் கழற்றிப் பழகலாம், கரையோரம் நெஞ்சளவுத் தண்ணீரில் படகைக் கவிழ்த்து நிமிர்த்திப் பழகலாம் (இடி இல்லாவிட்டால் மட்டும்). சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடவும் செய்யலாம்.

ஏரியின் நடுவில் இருக்கும்போது இடி கேட்டுவிட்டது. என்ன செய்வது?

இடி காதில் விழும் தூரத்தில் இருந்தாலே மின்னல் உங்களையும் எட்டக்கூடும். மின்னலைக் கண்ட கணத்திலிருந்து இடி கேட்கும்வரை வினாடிகளை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். 30 வினாடி என்றால் 10 கிலோமீற்றர். அதற்குக் குறைந்தால் நீங்கள் ஏற்கெனவே ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். எண்ணுவதற்காகத் தாமதிக்க வேண்டாம், திரும்பிக்கொண்டே எண்ணுங்கள்.

பரந்த தண்ணீரில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருள் உங்கள் அலுமினியப் பாய்மரம். கரையை எட்டமுடியவில்லை என்றால் படகின் நடுவில் தாழ்ந்து உட்காருங்கள். பாய்மரத்தையும் அதைத் தாங்கும் உலோகக் கம்பிகளையும் தொடக்கூடாது. தண்ணீரில் குதிக்கக் கூடாது. கரை சேர்ந்ததும் தென்னைக்குக் கீழேயோ பக்கச் சுவர் இல்லாத கொட்டகையிலோ நிற்காமல் நல்ல கட்டடத்துக்குள் போங்கள், அல்லது கண்ணாடிகளை மூடிய வாகனத்துக்குள் இருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தண்ணீர்ப் பக்கம் போகவேண்டாம். மழை விட்டுவிட்டது என்பது இதற்குக் கணக்கில்லை. யாராவது மின்னலில் அடிபட்டால் அவரைத் தொடுவதில் ஆபத்து இல்லை. அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சு இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கிக்கொண்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

படகு கவிழ்ந்தால்?

கவிழும். சிறிய பாய்ப்படகு கவிழ்வது விபத்து அல்ல, பழக்கத்தில் ஒரு பகுதி. முதலில் தலைகளை எண்ணுங்கள். யாரும் பாய்க்குக் கீழே இல்லை என்று பாருங்கள். பாய்க்கு அடியில் மாட்டியவர் பாயைக் கையால் மேலே தள்ளினால் மூச்சுவிட இடம் வரும், பிறகு ஒரு தையல் வரியைப் பிடித்துக்கொண்டே வெளியே வரலாம். அடுத்து பாய்க் கயிறுகளைத் தளர்த்துங்கள். ஒருவர் படகின் அடிப்பக்கம் சென்று அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி உடம்பைப் பின்னால் சாய்க்க, படகு மெதுவாக நிமிரும். மற்றவர் உள்பக்கமாகப் படகோடு ஒட்டி மிதந்தால் நிமிரும்போது படகே அவரை உள்ளே அள்ளிக்கொள்ளும். பாய்மரம் காற்று வரும் பக்கம் கிடந்தால் முதலில் படகைச் சுற்றவிடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்த உடனே மறுபக்கம் சாயும். ஆழம் குறைந்த இடத்தில் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திவிட்டால் பலம் காட்டவேண்டாம், மரம் முறியும். மீட்புப் படகு வரட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கரை எவ்வளவு கிட்டத் தெரிந்தாலும் படகை விட்டு நீந்திப் போகக்கூடாது. மிதக்கும் படகு தூரத்திலிருந்தே தெரியும், ஒரு தலை தெரியாது.

நீந்தத் தெரியாது. வரலாமா?

பயணியாக, நல்ல நாளில், அங்கியோடு வரலாம். ஓட்டப் பழகுவதற்கு முன் நீந்தப் பழகுங்கள். உடுப்போடு 50 மீற்றர் நீந்தவும் சில நிமிடம் அமைதியாக மிதக்கவும் முடிந்தால் போதும். எங்கள் ஆட்களில் பல பெரியவர்கள் கடலுக்கு அருகிலேயே வாழ்ந்தும் நீந்தப் பழகாமல் விட்டுவிட்டார்கள். நாற்பது வயதிலும் பழகலாம், வெட்கப்பட எதுவும் இல்லை.

உயிர்காப்பு அங்கி நீந்தத் தெரிந்தவருக்கும் கட்டாயம். 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்று எழுதியது நீந்தத் தெரிந்தவர் உதவி கிட்டத்தில் இருக்கும்போது அணிவது. மயங்கினாலும் முகத்தை மேலே திருப்பக்கூடியது வேண்டுமென்றால் 150 நியூட்டன் வகை. பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் பட்டி உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மேலே வழுவிப் போகும்.

பிள்ளைகளை எந்த வயதில் சேர்க்கலாம்? எந்தப் படகு?

ஏழு, எட்டு வயதில் ஒப்டிமிஸ்ட். 1947இல் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்தது, 2.3 மீற்றர் நீளம், ஒரு பாய். பெரியவர்கள் இருவராகப் பழக என்டர்பிரைஸ் நல்ல படகு, நான்கு மீற்றர் நீளம், பெரும்பாய் ஒன்று, முன்பாய் ஒன்று. ஜிபி 14 அதைவிடச் சற்று நீளமும் நிதானமும் கொண்டது. தனியாக ஓட்ட விரும்புகிறவருக்கு லேசர். ஆனால் படகு வாங்குவதைப் பற்றி முதல் வருடத்தில் யோசிக்கவே வேண்டாம்.

முதலை இருக்கிறதாமே?

இருக்கிறது. பொல்கொடவில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. இதை மறைத்து யாரையும் கூட்டிவர நான் விரும்பவில்லை. கண்டல் மரங்கள் நிற்கும் ஓரங்களில் குளிக்கவோ நீந்தவோ கூடாது, அதிலும் பொழுது சாயும் நேரத்தில். கை கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி மிதக்கவேண்டாம். மீன் கழிவையும் சாப்பாட்டு மிச்சத்தையும் தண்ணீரில் எறியவே கூடாது. மனிதர் இருக்கும் இடத்துக்கு முதலையைப் பழக்குவது அதுதான். கவிழ்ந்தால் விளையாடிக்கொண்டிருக்காமல் படகை நிமிர்த்தி ஏறுங்கள். கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பைப் பார்த்து முதலை என்று கத்துகிறவர்கள் அநேகம், ஆனாலும் சந்தேகம் வந்தால் முதலை என்றே எடுத்துக்கொண்டு கிளப் ஆட்களிடம் சொல்லுங்கள்.

தண்ணீர் சுத்தமானதா?

குடிக்கும் தண்ணீர் அல்ல. ஏரியைச் சுற்றி வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. பெருமழைக்குப் பிறகு வெரஸ் கங்கை வழியாகக் குப்பை, மரக்கொப்பு, ஆகாயத்தாமரைக் கூட்டம் எல்லாம் இறங்கி வரும். சுக்கானில் சிக்கினால் படகு திரும்பாது. வெள்ளம் வடிந்து சில நாள் போகும்வரை பொறுங்கள்.

எலிக்காய்ச்சலைச் சாதாரணமாக எடுக்கவேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், வெறுங்காலோடு சேற்றில் நிற்காதீர்கள். ஏரிக்குப் போய்வந்து ஓரிரு வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் நோவு, கண் சிவப்பு வந்தால் பனடோலோடு வீட்டில் படுத்திருக்காமல் டொக்டரிடம் போய், ஏரித் தண்ணீரில் இருந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார்.

என்ன உடுப்பு? பெண்கள் என்ன அணிவது?

விரைவில் காயும் நீளக் கை மேலாடை, முழங்கால் மூடும் காற்சட்டை, கட்டிய சப்பாத்து, கயிறு கட்டிய தொப்பி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் பாரம். பெண்கள் லெகிங்ஸும் நீளக் கை ரீ-ஷேர்ட்டும் அணிந்து வசதியாக ஓட்டுகிறார்கள். சால், துப்பட்டா, தொங்கும் சங்கிலி, விரித்த கூந்தல் எல்லாம் கப்பியிலும் கயிற்றிலும் மாட்டும். தாலிக்கொடியை உள்ளே விட்டு மேலே அங்கியை இறுக்கிக் கட்டினால் போதும். முக்காடு அணிகிறவர்கள் விளையாட்டுக்கென்று வரும் இறுக்கமான வகையைப் பாவிக்கலாம்.

இங்கே குளிர் இல்லை என்று நினைப்பீர்கள். நனைந்த உடம்பில் மழைக்காற்று அரை மணித்தியாலம் அடித்தால் பிள்ளைகளின் உதடு நீலமாகும். கரையில் மாற்றுடுப்பும் துவாயும் இருக்கட்டும்.

எதிரே வேறு படகு வந்தால் யார் விலகுவது?

இரண்டும் பாய்ப்படகு, காற்று வெவ்வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறது என்றால், வலப்பக்கத்தில் காற்று வாங்கும் படகுக்கே வழி. இரண்டுக்கும் ஒரே பக்கம் என்றால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலகவேண்டும். முந்துகிறவர் எப்போதும் விலகவேண்டும். மோட்டார்ப் படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஜெட் ஸ்கீ ஓட்டுகிறவருக்கு அது தெரியும் என்று நம்பி நேரே போகாதீர்கள். வலை விரித்திருக்கும் மீனவருக்கு எப்போதும் நீங்கள்தான் விலகவேண்டும். அவருக்கு அது சீவியம்.

இது வசதியானவர்களின் விளையாட்டு இல்லையா? எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

செலவு இருக்கிறது, உண்மை. ஆனால் ஒரு படகை நாலு பேர் பகிர்ந்து ஓட்டலாம், இன்னொருவருக்குத் துணை ஓட்டியாக வருடக்கணக்கில் ஓடலாம். நல்ல துணை ஓட்டிகளை எல்லோரும் தேடுகிறார்கள்.

சம்பந்தம் என்று கேட்டால், வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் எங்கள் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்திருக்கிற ஆட்கள் நாங்கள். இரண்டு தலைமுறை கொழும்பு மாடிவீட்டில் வாழ்ந்ததால் அந்த அறிவு கைநழுவிப் போவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஊரில் கடலுக்குப் போன தாத்தா, மாமா யாராவது இருந்தால் ஒரு ஞாயிறு ஏரிக்குக் கூட்டிவாருங்கள். மேகத்தைப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

கரைக்கு வந்த பிறகு என்ன வேலை?

முதலில், போகும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்களோ அவரிடம் வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்குள் அவர் உங்களைத் தேடிப் போவார். பாயை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சுருட்டுங்கள், ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். படகின் அடைப்பானைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். படகைத் தரையோடு சேர்த்துக் கட்டுங்கள், இரவில் வரும் காற்று வெறும் படகைக்கூடப் புரட்டும். பாய்மரத்தோடு படகைத் தள்ளிக்கொண்டு போகும்போது தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே வரவேண்டும்.

அப்புறம் ஒரு சின்னக் கொப்பியில் நாலு வரி எழுதுங்கள்: திகதி, காலையில் அறிக்கை என்ன சொன்னது, கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது, கிழக்கே மேகம் எப்போது எழும்பியது, மழை வந்ததா இல்லையா. வராத நாளையும் எழுதுங்கள். அடுத்த முறை இறங்குவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.